அயலிலே விசாரித்த கிணறு

உடுவிலில் செல்வநாயகியின் கிணற்றைக் குறை சொல்லிவிட்டு அந்த ஒழுங்கையால் யாரும் நிம்மதியாகப் போய்விட முடியாது. தேத்தண்ணீருக்கு அந்தத் தண்ணீரைப் போல வராது என்பது ஊர்ப்பேச்சு. பேச்சைக் கிளப்பியவரே அவர்தான் என்பதும் ஊருக்குத் தெரியும். கணவர் போன பிறகு வெங்காயத் தோட்டத்தைத் தனியாளாய்ப் பார்த்த மனுஷி. படலையடியில் குழாய் பூட்டி, கேட்டவருக்கும் கேளாதவருக்கும் தண்ணீர் கொடுத்தார். பவுசர் லொறி கொண்டுவரும் தண்ணீருக்குக் கானோடு நிற்பவர்களைக் கண்டால் மட்டும் வாய் சும்மா இராது.

நிலத்தடி நீரைச் சோதித்து வரைபடம் போடப் பல்கலைக்கழகக் கம்பஸிலிருந்து வந்த சிவதர்ஷனுக்கும் அந்த வாயால்தான் கிடைத்தது. “என்ரை கிணத்துக்கென்ன காய்ச்சலோ, சோதிக்கிறதுக்கு?” தண்ணீர் எடுக்க அவன் கொண்டுவந்த போத்தல் வெறுமையாகத் திரும்பியது.

மாரி முடிய, சனசமூக நிலையச் சுவரில் வரைபடம் ஏறியது. நல்ல தண்ணீருக்குப் பச்சை. உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று கூடிய இடத்துக்குச் சிவப்பு. செல்வநாயகியின் வளவு சிவப்புக்குள் கிடந்தது.

“தம்பி, நான் தண்ணி தரேல்லையே. என்னெண்டு சிவப்பு அடிச்சனீங்கள்?”

“சோதிச்ச கிணறுகளைத்தான் புள்ளியாப் போட்டனாங்கள் அம்மா. இடையிலை கிடக்கிறதை அயல் கிணறுகளை வைச்சுக் கம்பியூட்டர் மதிப்பிடும்.”

“அயலிலை விசாரிச்சு முடிவெடுக்க இதென்ன கலியாணப் பேச்சோ?”

நின்றவர்கள் சிரித்தார்கள். சிவதர்ஷனும் சிரித்துவிட்டு, அந்தத் தண்ணீரை யார் யார் குடிக்கிறார்கள் என்று கேட்டான். முன்வீட்டு உதயகலா கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பதும் அதில்தான் என்று அவர் பெருமையாகவே சொன்னார். அவன் முகம் மாறியது. கைக்குழந்தைகளுக்குத்தான் நைத்திரேற்று ஆகாது, உடம்பு நீலம் பாரிக்கும் என்றான்.

“கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறாள்?”

“கொதிக்க வைச்சால் கூடுமே தவிரக் குறையாது.”

செல்வநாயகி அவனைக் கையோடு கிணற்றடிக்குக் கூட்டிவந்தார். வாளியில் நனைத்த சோதனைத்தாள் மெல்ல வெளிறிய சிவப்பாகி, பிறகு கடும் சிவப்பில் போய் நின்றது. இந்த முறை அயல் பொய் சொல்லவில்லை.

அவர் வேலிக்கு அப்பால் வெங்காயப் பாத்திகளைப் பார்த்தார். விளைச்சலுக்கென்று யூரியாவை அள்ளி அள்ளி எறிந்தது அவருடைய கைதான்; படலையில் தண்ணீர் வார்த்ததும் அதே கைதான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து உதயகலா குடத்தோடு வந்து குழாயைத் திறக்கப் போனாள். செல்வநாயகி அவள் கையைப் பிடித்தார்.

“தண்ணி இல்லைப் பிள்ளை.”

“என்ன மாமி, மோட்டர் பழுதோ?”

“கிணறு பழுது. குளி, தோய். குழந்தைக்கு மட்டும் இதிலை ஒரு சொட்டும் வேண்டாம். வெளிக்கிடு, ஆசுப்பத்திரியிலை ஒருக்கால் காட்டுவம். நானும் வாறன்.”

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மறுநாள் பவுசர் வந்தபோது வரிசையில் இரண்டு கானோடு செல்வநாயகி நின்றார். ஒன்று உதயகலாவுக்கு. யாராவது கேலி செய்யட்டும் என்று காத்திருந்தார். ஆனால் முன்னால் நின்றவள் விலகி அவருக்கு இடம் விட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.