அக்காவை விட

பெரம்பலூரில் பஸ் ஏறி, சிறுவாச்சூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வாரம் இரண்டு நாள் போகிறேன். பேச்சும் மொழியும் சரளமாக வராத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது என் வேலை. போன வருஷம் ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நாம் சொல்வது அவளுக்குள் போய்ச் சேரவே நேரமாகும். பதில் வர இன்னும் நேரமாகும்.

பெரியது, சின்னது என்றால் காட்டிவிடுவாள். இரண்டை ஒப்பிடச் சொன்னால்தான் முழிப்பாள். ஒருநாள் ஒரு கையில் வெங்காயமும் மறு கையில் தக்காளியும் கொடுத்து, "வெங்காயத்தை விட தக்காளி பெருசா?" என்று கேட்டேன். "வெங்காயத்தை விட" என்று வாயெடுத்ததுமே வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டாள். விடச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறாள்! எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு திரும்பும்போது யோசித்தேன். அவள் காதில் விழுந்தபடிதானே செய்தாள்?

அந்த வாரமே அவளைக் கூட்டிப்போக அம்மா வந்திருந்தார். கூடவே எட்டாவது படிக்கும் அக்காவும். எப்படிப் படிக்கிறாள் என்று நான் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"அக்காவை விட இவ மந்தம்ங்க டீச்சர். அவ எல்லாத்துலயும் கெட்டி."

சின்னவள் தலையைத் தொங்கப்போட்டாள். அந்த 'விட' அவளுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. வீட்டில் அவள் கேட்ட ஒப்பீடெல்லாம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

அக்காவையும் தங்கையையும் முதுகோடு முதுகாக நிற்க வைத்தேன்.

"யாரு உசரம்? தொட்டுப் பாரு."

சின்னவள் அக்காவின் உச்சந்தலையைத் தொட்டாள். அப்படியே கையை நகர்த்தினாள். அது அவளுடைய பின்னந்தலையில் வந்து முட்டியது. மறுபடியும் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அக்காவை விட... நான்... உசரம்."

"எப்படி வளந்துட்டா பாருங்க! நான் கவனிக்கவே இல்லியே" என்றார் அம்மா.

அவரையும் இழுத்து நிறுத்தினாள். பிறகு என்னை. ஒவ்வொருவர் தலையாகத் தொட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"எல்லாரையும் விட டீச்சர் குட்டை."

அக்காதான் முதலில் சிரித்தாள்.

உயரத்துக்குப் பிறகு கனம், நீளம், சூடு என்று மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிற சொற்களாகவே தேர்ந்தெடுக்கிறேன். 'கெட்டி' என்ற சொல்லை அவளுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.