மா பிசையும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கையில்

அக்கா குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அவளோடு ஒரு மா பிசையும் மெஷினும் வந்தது. சிவப்பு நிறம். குனிந்து எதையோ தேடுகிற ஆள் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். தலைக்கு அடியில் பளபளவென்று ஒரு பாத்திரம், மாட்டிக் கழற்றுகிற மாதிரி ஒரு கொக்கி. நமுனுகுல மலைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற எங்கள் லயத்துக்கு மழை பெய்தால் ஆட்டோகூட வராது. சந்தியிலிருந்து இரண்டு பேர் அதைச் சாக்கில் கட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

"மாப்பிள்ளயக் கூட்டிட்டு வருவான்னு பாத்தா மெஷினக் கூட்டிட்டு வந்துருக்கா" என்றாள் பக்கத்துக் காம்பரா அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தினமும் ரொட்டிக்கு மா பிசைகிறவள் நான். கை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இதை வைக்க இடம் வேண்டும் என்று அரிசி வாளியையும் அடுப்படிப் பலகையையும் அவள் நகர்த்தச் சொன்னபோது, நான் பேசாமல் நகர்த்தினேன். பேசியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

உண்மையில் எரிச்சல் மெஷின் மேல் இல்லை. அக்கா வந்தது அவளுடைய மகளைக் கூட்டிப் போக. அந்த மகள் என்னிடம் வளர்ந்தவள்.

பிள்ளை தவழத் தொடங்கியிருந்த நேரத்தில் அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவளுடைய புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இருபது குழந்தைகளோடு இதுவும் ஒன்று என்றுதான் அக்கா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். அப்புறம் அது இருபதில் ஒன்றாக இல்லை. பேச்சு வந்தபோது என்னை அம்மா என்றாள். போனில் தெரிகிற முகத்தைக் குவைத் அம்மா என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் லயத்தில் இப்படி இரண்டு அம்மா உள்ள பிள்ளைகள் வேறும் இருந்ததால் யாருக்கும் அது புதினமாகப் படவில்லை. என்னைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். பிள்ளை யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணி, பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. அக்கா பதுளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் முன்னறையோடு ஒரு வீடு பேசி வைத்திருந்தாள். முன்னறையில் பீட்சாவும் ரோல்ஸும் போட்டு விற்பது, பின்னறையில் மகளோடு இருப்பது. அதுதான் அவளுடைய கணக்கு.

எங்கள் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து அத்தை "நூறு வயசு" என்பாள். அதனால் லயத்தில் யாரும் எதையும் இரகசியமாகப் பேச முடியாது. இந்த மெஷினைப் போட்டால் மட்டும் முடியும் என்று அக்காதான் கண்டுபிடித்தாள். சுவிட்சைத் தட்டியதும் அது கடகடவென்று குலுங்கி, பலகையே ஆடும். அந்தச் சத்தத்தில் ஆளுக்கு ஆள் காதோடு பேசினால்தான் கேட்கும்.

முதல் நாள் அப்படித்தான் என் காதருகே வந்து சொன்னாள்.

"அவ எங்கூட வந்தா இங்கயே இருப்பேன். வரலன்னா நா யாருக்காக இருக்கணும்? குவைத்துல மேடம் திரும்பி வரச் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க."

"அதுக்கு எங்கிட்ட என்னா கேக்குற? அவகிட்ட கேளு."

"நீ சொன்னாதான் வருவா."

பாத்திரத்துக்குள் மா கொழகொழவென்று கிடந்தது. ரொட்டிக்கு இப்படி இருந்தால் கல்லில் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து இரண்டு பிடி மா எடுத்துப் போட்டேன். அக்கா ஐயோ என்று கையைப் பிடித்தாள். பீட்சாவுக்கு மா கையில் ஒட்டவேண்டுமாம். அதற்குள் கொக்கி திணறி, மெஷின் நடக்கத் தொடங்கியது. இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கிப் பிடித்தோம்.

மாவை அடுப்புச் சூட்டில் மூடி வைத்தோம். எங்கள் குளிருக்கு அது பொங்கவே இல்லை. பதுளையில் வாங்கின சின்ன அவணைப் போட்டதும் மின்சாரம் நின்றுபோனது. மெஷினின் பிளக்கைக் கழற்றிவிட்டு அவணை மறுபடி போட்டோம். தக்காளி, லீக்ஸ், டின் மீன், இடித்த கொச்சிக்காய், மேலே சீஸ். வெந்து வந்தபோது என்னுடைய இரண்டு பிடி மாவின் புண்ணியத்தால் அது கொஞ்சம் ரொட்டியாகத்தான் இருந்தது. ஆனால் வாசனைக்கு வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அக்கா கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினாள். முதல் துண்டை எடுத்து, சுற்றிவர இருந்த மொறுமொறுப்பான ஓரத்தை நறுக்கித் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் ஊதி ஆற வைத்து, அரபியில் "யல்லா" என்று மகளுடைய வாய்க்கு நேரே நீட்டினாள்.

பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

"ஓரத்த ஏன் வெட்டினீங்க?"

"அது காய்ஞ்சிருக்கும்மா. உனக்குத்தான் புடிக்காதே."

"எனக்கு ஓரம்தான் புடிக்கும். ரொட்டியிலயும் நா ஓரத்தத்தான் முதல்ல திம்பேன்."

அக்காவின் கை அப்படியே நின்றது. ஓரம் பிடிக்காதது யாருக்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டில், பிறந்த நாளிலிருந்து அவளே வளர்த்த பையன் ஒருவன் இருந்தான். போனில் அவனைக் காட்டியிருக்கிறாள். பிள்ளைக்கும் அது புரிந்துவிட்டது. அவள் அந்தத் துண்டை வாங்கி, தட்டில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன பயன்? பார்த்தாயா, பிள்ளை யாருடையது என்று தெரிகிறதா என்று மனதுக்குள் ஒன்று குதித்தது. அது எல்லோரும் போன பிறகு, நான் பாத்திரம் எடுக்க உள்ளே போகும் வரைக்கும்தான் இருந்தது. அக்கா அடுப்பு முன்னால் குந்தியிருந்து, வெட்டிப் போட்ட ஓரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"விடு, ஆறிப்போச்சு" என்றேன்.

"பழக்கம்தான். அங்கயும் ஓரமெல்லாம் நாந்தான் திம்பேன்" என்றாள். அழவில்லை. பசிக்குத் தின்கிற மாதிரிதான் தின்றாள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு நடுத்துண்டு, அவளுக்கு ஓரம். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் கூரைத் தகரம், பிள்ளையின் சப்பாத்து, என் சேலை எல்லாம். ஒரு ஆளை நான் எவ்வளவு நேரம்தான் கோபித்துக்கொண்டிருக்க முடியும்?

மறுநாள் பிள்ளை டியூசனுக்குப் போன பிறகு நானே மாவை அளந்து போட்டு மெஷினைத் தட்டினேன். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"கேளு, அவளப் பத்தி என்னா தெரியணும்?" என்றேன்.

"எல்லாம்" என்றாள்.

சொல்லத் தொடங்கினேன். பால் தேத்தண்ணியில் ஆடை மிதந்தால் குடிக்கமாட்டாள். காய்ச்சல் வந்தால் சொல்லமாட்டாள். வாயாடி வாயை மூடிக்கொண்டு கிடந்தால் அன்றைக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பொய் சொன்னால் மூக்கைத் தேய்ப்பாள். கணக்குப் பிழையாய்ப் போனால் கோபம் சப்பாத்து மேல்தான். திட்டினால் உடனே சமாதானம் பண்ணப் போகக்கூடாது, கொஞ்ச நேரம் விட்டால் அவளே வந்து முதுகில் சாய்வாள். அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். "ஆடை ஆகாது. மூக்கத் தேய்ச்சா பொய்." மெஷின் நின்றால் பேச்சும் நிற்கும், மறுபடி தட்டுவோம். பிசைந்து பிசைந்து மா ரப்பர் மாதிரி ஆனது. அதில் என்ன பீட்சா வரும்? ஆனாலும் அதற்குப் பிறகு அக்கா மகளுக்குக் கொடுத்த தேத்தண்ணியில் ஆடை இல்லை. பிள்ளை கோபத்தில் இருக்கிறபோது கிட்டப் போகவில்லை. ஒரு சாயங்காலம் பிள்ளை அவள் முதுகில் போய்ச் சாய்ந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன். சொல்லிக்கொடுத்தது நான்தான். இருந்தும் உள்ளே போகாமல் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போனேன்.

தூங்கும்போது பிள்ளை என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அதை மட்டும் நான் அக்காவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் கடைசியில், வீடு மாறுவதற்கு முன்னால், அக்கா மெஷினைப் போட்டாள். அப்புறம்தான் கேட்டாள்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. உன்னய சித்தின்னு கூப்பிடச் சொல்லுவியா? பதுளைக்குச் சாமான் வாங்கப் போனா நாலு பேருக்கு முன்னால என்னயக் குவைத் அம்மான்னு சொல்றா. வேலக்காரியக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

நான் சுவிட்சை அணைத்தேன். அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னாடி, மெஷின் நின்னுபோச்சு, ரிப்பேரா?" என்று கேட்டாள்.

"இல்ல அத்தை, மா சரியாயிருச்சு" என்றேன்.

அடுத்த நாள் பீலிக்கரையில் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது சொன்னேன். முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முடியில் சோப்பு நுரை இருந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"அவதாம்மா உன்னயப் பெத்தவ. இனிமே அவளத்தான் அம்மான்னு கூப்பிடணும். என்னயச் சித்தின்னு கூப்பிடு."

"அப்ப நீ எனக்கு யாரு?"

"சித்திதான். எப்பவுமே சித்திதான்."

"அப்ப இவ்வளவு நாளும்?"

நான் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். அவள் அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

ஜனவரியில் போனார்கள். பள்ளிக்கூடப் பெட்டி, உடுப்பு மூட்டை, மெஷின். இந்த முறை அதைத் தூக்கின ஆட்கள் இறக்கத்தில் சுலபமாகப் போனார்கள். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தி வரைக்கும் வந்தாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் அன்றைக்கும் பிள்ளைக்காம்பராவுக்கு வேலைக்குப் போனேன். போகாமல் காம்பராவில் உட்கார்ந்து என்ன செய்வது?

மாசி மாதம் தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போனேன். முன்பே போயிருக்கலாம். பிள்ளை பழகட்டும் என்று அக்காதான் சொன்னாள். பிள்ளைக்குப் பிடிக்கும் என்று ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் அரைத்து எடுத்துப் போனேன். முன்னறை நிறைய ஆட்கள் நின்றார்கள். அக்கா நன்றாகத்தான் இருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. பிள்ளை தலையில் துணி கட்டிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். உயரமாகியிருந்தாள். மேலெல்லாம் மா. என்னைப் பின்னறையில் கதிரை போட்டு உட்கார வைத்து, பாடம், டீச்சர், புதுக் கூட்டாளி என்று மூச்சு விடாமல் பேசினாள். பிறகு யாரோ கூப்பிட, முன்னறைக்குப் போனாள்.

நான் கதிரையில் உட்கார்ந்து அந்த வீட்டைப் பார்த்தேன். இரண்டு தலையணை பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்த நேரம் முன்னறையிலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"அம்மா! மா ஒட்டுது, கொஞ்சம் வாங்களேன்!"

"இந்தா வந்துட்டேன்டி" என்று எழுந்து போய்விட்டேன். எப்போது எழுந்தேன் என்றே தெரியாது. கதவடியில் போய் நிற்கும்போது அக்கா அங்கே பாத்திரத்துக்குள் கையை விட்டிருந்தாள். பிள்ளை என்னைப் பார்த்தாள். அக்கா குனிந்துகொண்டாள். மெஷின் ஓடவில்லை. ரோல்ஸ் வாங்க நின்ற ஆள் கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கலாம்னு வந்தேன்" என்றேன்.

பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கிளாசில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். என் சேலையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டாள். எனக்காக அவள் வெட்கப்படுகிறாள் என்று தெரிந்தது. அவளைச் சின்னதில் நான் பார்த்த மாதிரி அவள் என்னைப் பார்த்தாள்.

"சித்தி, நேரத்தோட கிளம்புங்க" என்றாள் மெதுவாக. "கடைசி பஸ் போயிருச்சுன்னா இருட்டுல நீங்க தனியா மேட்ட ஏறணும்."

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு நான் என் பையை எடுத்துக்கொண்டேன்.