உருவத்துக்குள் விதைநெல்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஊதாக் கைலியோடு குளிக்க இறங்கிய என் தம்பியைக் காவிரி கொண்டுபோயிற்று. படித்துறையில் சட்டையும் செருப்பும் கிடந்தன. தீயணைப்புக்காரர்கள் சில நாள் தேடிவிட்டுப் போய்விட்டார்கள்.

அங்கே காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அதற்குக் கீழே ஆறும் வாய்க்காலுமாகப் பிரிந்துகொண்டே போகும். எந்தத் தண்ணீரோடு அவன் போனான் என்று யாருக்கும் தெரியாது. தம்பி மனைவி தினமும் என் வண்டியின் பின்னால் ஏறிக்கொள்வாள். ஒவ்வொரு மதகு ஷட்டரிலும் இறங்கி, கதவில் மோதிக் கிடக்கும் நுரையிலும் ஆகாயத்தாமரையிலும் ஊதாக் கைலி தெரிகிறதா என்று பார்ப்பாள். "அடுத்ததுக்குப் போலாம் மாமா."

ஆவணி பிறந்ததும் சித்தப்பா எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் கட்டி அடக்கம் செய்வது எங்கள் வழக்கம்.

"புல்லக் கட்டிப் புதைச்சுட்டா அவரு செத்துருவாரா?" என்றாள் தம்பி மனைவி.

"திதி குடுக்க வேணாமாம்மா?"

"நாளைக்கு அவரு வந்து நின்னா, குடுத்த திதியத் திருப்பி வாங்கிக்குவீங்களா?"

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். இறந்த நாள் என்று ஒரு திதி எனக்கும் வேண்டியிருந்தது. குடும்பத்துப் பிறப்பு இறப்புகளையும், ஆண்டுதோறும் எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்த நாளையும் எழுதி வைப்பவன் நான். தம்பிக்கு மட்டும் எதை எழுதுவது?

அன்று மாலை ஷட்டர் பாலத்தில் நின்றபோது, பேச வேறு எதுவும் இல்லாமல், எகிப்தியர் கதை ஒன்றை அவளிடம் சொன்னேன். ஓசிரிஸ் என்ற ராஜாவைக் கூடப் பிறந்தவனே கொன்று, துண்டு துண்டாக்கி நாடெங்கும் வீசிவிடுகிறான். மனைவி ஐசிஸ் நைல் நதியின் சதுப்பெல்லாம் ஓடத்தில் தேடி அலைகிறாள். ஒரு துண்டை மீன் தின்றுவிட்டது. அதை அவளே செய்து சேர்க்கிறாள். பிற்காலத்தில் மக்கள் மண்ணில் அவன் உருவம் பிடித்து, உள்ளே தானியம் வைத்துப் புதைத்தார்கள்.

அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கப்புறம் தேடுறத விட்டுட்டாளா அந்தம்மா?"

"விட்டுட்டா. அவன் செத்தவங்க உலகத்துக்கு ராஜாவாயிட்டான்."

மறுநாள் விடிந்ததும் வந்து நின்றாள். "தர்ப்ப வேணாம் மாமா. ஆத்து வண்டல் கொண்டாங்க. நான் செய்றேன்."

கொல்லையில் உட்கார்ந்து அவன் உயரத்துக்கே பிடித்தாள். அவன் சம்பாவுக்கு எடுத்து வைத்திருந்த விதைநெல்லைத் தலையிலிருந்து கால்வரை அழுத்தி, படித்துறையில் கிடைத்த சட்டையைப் போர்த்தினாள்.

"எகிப்து எகிப்துன்னு படிச்சு, கடைசில பொணத்துக்கே நாத்து விட வச்சுட்டியேடா" என்றார் சித்தப்பா. ஆனால் அந்த மண் நெற்றியில் ஒற்றை ரூபாயை வைத்தவரும் அவர்தான். கிரேக்கர்கள் இறந்தவர் வாயில் காசு வைப்பார்கள், பாதாள ஆற்றின் ஓடக்காரனுக்குக் கூலி. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுடுகாட்டில் ஆழமில்லாத குழியில் கிடத்தி, மேலாக மண் தள்ளியதும் நாவிதர் சொன்னார்: "திரும்பிப் பாக்காம நடங்க."

இறந்த மனைவியைப் பாதாளத்திலிருந்து அழைத்து வந்த பாடகன் ஒருவனுக்கும் கிரேக்கத் தெய்வங்கள் இதையேதான் சொல்லியிருந்தன. அவன் திரும்பினான், அவளை இழந்தான். நான் திரும்பவில்லை. சுடுகாட்டுப் பாதை முடியும்வரை, பின்னால் ஈர மண்ணில் யாரோ நடப்பதுபோல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மழை பெய்து மேடு பச்சை கட்டியது, ஓர் ஆள் படுத்திருக்கும் நீளத்துக்கு. அவள் ஒருமுறை வந்து, குனிந்து, நாற்று நுனியை உள்ளங்கையால் தடவினாள்.

"போதும் மாமா. நான் செஞ்ச அன்னிக்கே திதின்னு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். அதன்பின் அவள் என் வண்டியில் ஏறவில்லை. தையில் அங்கே கதிர் சாய்ந்ததாம், யாரும் அறுக்கவில்லையாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஷட்டர்களில் மட்டும் இன்னும் நிற்கிறேன். ஆகாயத்தாமரை பூத்திருக்கும் நாட்களில், தூரத்திலிருந்து அந்த ஊதா நிறம் தெரிந்ததுமே வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேன்.