மீனை விட்டேன், பாலைக் குடித்தேன்

மூன்று வருடத்துக்கு முன்பு, பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் நடந்தது இது. அப்போது என் மகளுக்கு மூன்று மாதம். தலைப்பிள்ளை. வீட்டுக்காரர் ஏரியில் எறா வலை போடுகிறவர்; இறாலை நாங்கள் எறா என்போம். அவர், நான், என் மாமியார், பிள்ளை, இவ்வளவுதான் வீடு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், முன்கோபமும் உண்டு. பின்னால் டாக்டரம்மாவிடம் நான் பேசியதைக் கேட்டு ஆச்சரியப்படக் கூடாது என்பதற்காக இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் குழந்தையின் கன்னத்தில் திட்டுத்திட்டாகச் சிவந்தது. பிறகு பால் குடித்து முடித்த கையோடு காலை மடக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஒரு நாள் அவள் துணியை அலசப் போனால், வழவழவென்று சளி மாதிரி, நடுவில் நூல் போல ரத்தம். துணியைக் கையில் பிடித்தபடியே மாமியாரிடம் ஓடினேன்.

எங்கள் குப்பத்தில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவே வைத்தியர்தான். எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள், கரப்பான். தாய்க்காரி எறாவும் நண்டும் தின்றால் தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்கு இறங்கிவிடுமாம். மீனைப் பிடித்து, மீனை விற்று, மீனைத் தின்று வாழ்கிற ஊரில் முதலில் மாட்டிக்கொண்டதும் மீன்தான்.

"கவிச்சியை உட்டுடு. பெத்த புள்ளைக்காக ஒரு மாசம் வாயக் கட்ட மாட்டியா?" என்றார் அத்தை.

கட்டினேன். பிள்ளை பெற்றதிலிருந்து சுறாப்புட்டும் மீன்குழம்புமாகத் தேறிய உடம்பு இது. பக்கத்தில் மடவை மீன் குழம்பு கொதிக்கும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ரசம் சாதம் சாப்பிடுவேன். அதற்குள் மருமகள் வற்றிப்போய்விடுவாளே என்று அத்தைக்கு வேறு கவலை. காலையில் பெரிய டம்ளர் நிறையப் பால், சாயங்காலம் இன்னொன்று, மத்தியானச் சோற்றுக்குக் கெட்டித் தயிர். தண்ணீர் கலக்காத பாலாக வேண்டும் என்று பால்காரரோடு தினமும் சண்டை போட்டு வாங்குவார். பெற்ற தாய்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

குழந்தைக்கோ நாளுக்கு நாள் மோசமானது. கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினோம், களிம்பு தடவினோம், சுற்றிப் போட்டோம். எடை போட்ட நர்ஸ், "போன தடவ இருந்த எடையேதாம்மா இருக்கா" என்றார். மறுநாளே பொன்னேரிக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே குழந்தைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா. பிள்ளையை நிதானமாகப் பார்த்தார், நாங்கள் கொண்டுபோன துணியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நேத்து காலையில இருந்து என்னென்ன சாப்பிட்டீங்க?" என்றார். நான் பெருமையாக, "ஒரு மாசமா மீன் பக்கமே போவல மேடம்" என்றேன். "சாப்பிடாதத கேக்கலம்மா. சாப்பிட்டத சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். பால், டீ, தயிர், மறுபடி டீ, பிஸ்கட், ராத்திரிக்குப் பால் சாதம். சொல்லிக்கொண்டே போகும்போது அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். கடைசியில், "பசும்பால் ஒத்துக்கலையோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க குடிக்கிற பால்ல இருக்கற சத்து தாய்ப்பால் வழியா குழந்தைக்குப் போய் சில குழந்தைகளுக்கு இப்படிப் பண்ணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "ரத்தமா போவுது, நீங்க பாலைச் சொல்றீங்க. ஒரு ரத்தப் பரிசோதனைகூட எடுக்காம எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். வீட்டுக்காரர் என் முழங்கையைக் கிள்ளினார். அந்த அம்மா கோபப்படவில்லை. இந்த மாதிரி ஒவ்வாமை ரத்தத்தில் பெரும்பாலும் தெரியாது, நிறுத்திப் பார்ப்பதுதான் பரிசோதனை என்று விளக்கினார். மூன்று வாரம் பால், தயிர், நெய், பால் கலந்த பிஸ்கட் எதுவும் நான் தொடக் கூடாது. தாய்ப்பாலை மட்டும் நிறுத்தவே கூடாது. குணமானால் மறுபடி பால் குடித்துப் பார்க்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், "மீன் நல்லா சாப்பிடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை நம்பவில்லை. "பால் குடிச்சு எந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சு? கவிச்சியத் துன்னச் சொல்றாங்களா? நல்லா கீது." அப்போது வீட்டுக்காரர் பேசினார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

ஏரியில் எங்கள் ஆட்கள் வலை போடும் இடத்தைப் பாடு என்போம். சீட்டு எடுத்து முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு ஒரு கூட்டம் இறங்கினால் நாளைக்கு வேறு கூட்டம். முறை இல்லாதவர் அங்கே வலையோடு இறங்கக் கூடாது.

"யம்மா, பாட்டுல எல்லாரும் ஒரே நாள்ல வலை உட்டா, தண்ணிய கலக்குனது எவன்னு சொல்ல முடியுமா? இவ மீனை உட்ட அன்னிக்கே பாலை ஏத்திக்கினா. அப்பறம் எது இன்னா பண்ணுதுன்னு எப்படித் தெரியும்? இப்ப பால் கரையேறட்டும். மீன் மட்டும் எறங்கட்டும்."

ஏரி விஷயமாகச் சொன்னதும் அத்தைக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே எனக்கு எறாத் தொக்கு கிடைத்தது. பாதித் தட்டுவரை பயந்து பயந்துதான் தின்றேன். மீதித் தட்டில் பயம் போய்விட்டது.

ஒரு வாரத்தில் குழந்தை காலை மடக்கி அழுவது குறைந்தது. இரண்டாம் வாரம் துணியில் ரத்தம் இல்லை. மூன்றாம் வாரம் கன்னம் தெளிந்து சிரிக்கவே ஆரம்பித்தாள். வரக்காப்பியைக் குடித்துக்கொண்டு நான் ராணி மாதிரி இருந்தேன்.

ஆனால் மறுபடி பால் குடித்துப் பார்க்க வேண்டுமே, அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானே எடுத்தபோது அத்தை, "சும்மா கெடக்கற சங்க ஊதிக் கெடுக்காத" என்றார். எனக்கும் அதுதான் ஆசை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "சரியாயிடுச்சு மேடம், மறுபடி குடிக்கறத உட்டுடலாமா?" என்று கேட்டேன். "தானாகூட சரியாகி இருக்கலாம்ல. உறுதியாத் தெரியாம ரெண்டு பேரும் வருஷக்கணக்கா பத்தியம் இருக்கப் போறீங்களா?" என்றார். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னார்.

பாலைக் காய்ச்சினது அத்தைதான். டம்ளரை என் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நானே எடுத்துக் குடித்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை, இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரருக்குப் பாட்டில் வலையோடு இறங்கும் முறை. அதைத் தவறவிட்டால் மறுபடி முறை வர எத்தனையோ நாளாகும். சாவு, கல்யாணத்துக்குத் தவிர யாரும் விடமாட்டார்கள். அவர் அன்றைக்கு ஏரிக்குப் போகாமல் பிள்ளையின் தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

காலை பத்து மணி இருக்கும். குழந்தை காலை மடக்கி அழுதாள். துணியை மாற்றினேன். அதே வழவழப்பு, அதே நூல். மூன்று பேரும் குனிந்து அந்தத் துணியையே பார்த்தோம். எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு சிரிப்பும் வந்தது. பால்தான். வேறு பெரிய நோய் எதுவும் இல்லை, வெறும் பால். பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்து நிம்மதிப்பட்ட தாய் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான ஊத்தி ஊத்திக் குடுத்தேன்" என்றார். மற்ற நேரமாக இருந்தால் நான் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அன்றைக்கு "குடிச்சது நான்தான அத்தை" என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரர் சத்தமில்லாமல் எழுந்து போய், முறைக்குப் போனவர்களிடம் கேட்டு ஒரு கூடை எறா வாங்கி வந்தார்.

அன்றோடு நான் பாலை நிறுத்தினேன், பிள்ளை மறுபடி தேறினாள். அவளுக்கு ஒன்றரை வயதானபோது டாக்டரம்மா சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்துப் பழக்கினோம். ஒத்துக்கொண்டது. இப்போது அவளுக்குத் தயிர்ச்சோறும் வேண்டும், பக்கத்தில் பொரித்த மீனும் வேண்டும், "நைனா, பெரிசு எனக்கு" என்று அப்பாவிடம் சண்டை வேறு. குப்பத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது கன்னம் சிவந்தால் அத்தைதான் முதலில் போய், "நேத்து இன்னா இன்னா துன்ன, டீயையும் சேத்துச் சொல்லு. சொல்லிட்டு டாக்டராண்ட போ" என்கிறார்.

எப்போதாவது பால் காய்ச்சும் வாசனை வந்தால் எனக்கு அந்த மூன்று நாள் ஞாபகம் வரும். அந்த டம்ளரை நான் குடிக்காமல் விட்டிருந்தாலும் என் மகள் நன்றாகத்தான் இருந்திருப்பாள். ஆனால் அவள் வாயில் வைக்கும் ஒவ்வொரு கவளத்துக்கும் நான் இன்றுவரை பயந்துகொண்டே இருந்திருப்பேன்.