பக்கெட்டுக்குள் நங்கூரம்

கடலடி மண்ணில் நங்கூரம் எவ்வளவு பிடிக்கும் என்று சோதிக்கிற இன்ஜினியர் அவர். இஸ்திரிச் சட்டை, முழங்கைவரை சேறு. எந்த மண்ணைக் கண்டாலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். தாராவியில் என் வெல்டிங் கடையில் உள்ளங்கையளவு நங்கூரம் செய்துவாங்கி, சோதிக்க என் வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டையும் கேட்டார்.

பக்கெட்டில் மணல் நிரப்பி, நங்கூரத்தைப் புதைத்து இழுத்தார், வந்துவிட்டது. களிமண்ணிலும் வந்துவிட்டது.

"ஆகாது சார்," என்றேன்.

"களிமண் கலைஞ்சிருக்கு, அண்ணாச்சி. திரும்பப் புதைச்சு வைப்போம். இறுகட்டும், நாளைக்கு இழுப்போம்."

"காலையில தண்ணி வருமே சார்?"

"ஒருநாள்தானே!"

மறுநாள் இழுத்தோம். நங்கூரத்தோடு பக்கெட்டே மேலே வந்தது. என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை.

தினமும் குழாயடிக்குப் போகும்போது வீட்டுக்காரி கேட்கிறாள்: "ஏங்க, அந்த ஆளு நங்கூரத்த இழுத்தா கடலும் கூடவே வந்துருமோ? நம்ம சந்துப் பக்கமா இழுக்கச் சொல்லுங்க, ரெண்டு குடம் பிடிச்சுக்கிடலாம்லா!"