கேட்டதற்கு மட்டும் பதில்

அப்பா கோர்ட்டில் துபாஷி. தமிழர் யாராவது கூண்டில் ஏறினால், அவர்கள் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லுவார். நாள் முழுக்க அடுத்தவர் வார்த்தையையே சுமந்துவிட்டு வந்ததாலோ என்னவோ, காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததும் அவரே நீதிபதி ஆகிவிடுவார். கண்ணாடி டம்ளரை உடைத்தது யார் என்பதற்குக்கூட எங்கள் வீட்டில் விசாரணை உண்டு.

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த வருஷம் அம்மாவின் தங்க வளையல் ஒன்று காணாமல் போனது. வீட்டில் அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண்ணான நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. புருஷன் செத்த மறுமாதமே மாமியார் துரத்திவிட, அத்தை எங்களோடு வந்து இருந்தாள். சந்தேகப்பட அவளைவிடத் தோதான ஆள் வேறு யார் கிடைப்பார்கள்?

அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என்னை எதிரே நிறுத்தினார்.

“அத்தை அம்மாவோட அலமாரியத் தொறந்தத பாத்தியா?”

“பாத்தேன்பா. என் ஸ்கூல்...”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பாத்தியா, இல்லியா?”

“பாத்தேன்.”

“அண்ணே, புள்ளையோட ஸ்கூல் சட்டைய எடுக்கத்தாண்ணே தொறந்தேன்,” என்றாள் அத்தை.

“அத நீ சொல்றே. சாட்சி சொல்லலியே.”

சொல்ல விட்டால்தானே சாட்சி சொல்லும். அப்பா என் முதுகில் தட்டி, நல்ல சாட்சி என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாளே அத்தையை அனுப்பிவிட்டார்கள். புக்கிட் ரம்பாய்ப் பக்கம், அவளைத் துரத்திய அதே மாமியார் வீட்டுக்கு. “அங்க என்னைச் சேக்க மாட்டாங்கண்ணே, நான் எங்க போவேன்?” என்று கெஞ்சினாள். தீர்ப்புச் சொன்ன பிறகு அப்பா பேசுவதில்லை. கிளம்புமுன் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தீபாவளிக்குக் கட்ட அம்மா பட்டுப்புடவையை எடுத்து உதறியபோது மடிப்பிலிருந்து வளையல் விழுந்தது. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அவளைக் கூப்ட்டுக்கலாமாங்க?” என்று மெல்லக் கேட்டாள்.

“அன்னிக்கு இருந்த சாட்சிக்கு அந்தத் தீர்ப்பு சரிதான்,” என்றார் அப்பா.

அம்மா வளையலைப் போட்டுக்கொண்டு துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பினாள்.

எனக்கோ ஒரே சந்தோஷம். வளையல் கிடைத்துவிட்டதே, இனி அத்தை வந்துவிடுவாள். மூன்று சனிக்கிழமை பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். தப்பென்று தெரிந்த பிறகும் ஒரு தீர்ப்பு அப்படியே நிற்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.