மனுவேல் ஊதிய மெழுகுவத்திகள்

நாகலூர் மேட்டில் குகை போலக் கட்டியிருக்கும் மாதா கெபியில் ஒரு வாரமாக எந்த மெழுகுவத்தியும் நின்று எரியவில்லை. பிளஸ் டூ பாஸாக ஏற்றியது, பெண்ணுக்கு வரன் அமைய ஏற்றியது, மிளகு விலை கூடுவதற்காக ஏற்றியது, எல்லாமே அணைந்து கிடந்தன. காற்று என்றார்கள், குரங்கு என்றார்கள். குற்றவாளி மனுவேல்.

எஸ்டேட்டில் காப்பிக்கொட்டைத் தூசியில் காலமெல்லாம் நின்று நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். வாசலைத் தாண்டினாலே மூச்சு இளைக்கும். நுரையீரல் நோயாளிகளுக்கான திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸ் சனா, "பூவை மோந்து பாக்கற மாதிரி மூச்சை இழுங்க, மெழுகுவத்தியை ஊதற மாதிரி மெதுவா விடுங்க" என்று பழக்கியிருந்தார். வெறுங்காற்றை ஊதுவதில் மனுவேலுக்குச் சுவாரசியம் இல்லை. வீட்டு மெழுகுவத்தியைத் தொட மனைவி சாந்தாமேரி விடவில்லை. கெபியில் வரிசையாக எரிகிறதே என்று, நின்று நின்று தினமும் மேட்டில் ஏறத் தொடங்கிவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்து ஊரே கெபிக்கு வந்தபோது, மாதாவுக்கு வைத்த ரோஜாவை மோந்துவிட்டு, உதட்டைக் குவித்து ஆனந்தமாக ஊதிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இப்ப ஊதுனீங்களே, அது நான் வெச்சதுங்க," என்றார் சாந்தாமேரி, பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்களுக்கு மூச்சு நல்லா வரோணும்னு வேண்டி ஏத்துனது."

மனுவேல் அணைந்த திரியைப் பார்த்தார். ஏறி வந்த மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மாதா குடுத்துட்டாங்க புள்ள. இல்லீனா இத்தனை மேடு ஏறி வந்து அதை அணைச்சிருப்பனா?"

சாந்தாமேரி மெழுகுவத்தியை மறுபடி ஏற்றினார். இந்த முறை வேண்டுதல் கணவருடைய புத்திக்கு.